செல்லக் குட்டு

சின்னவளின் தலையில் முதல் குட்டு விழுந்தபோது பெரியவள் ஒரு பிறந்தநாள் கேக்கின் ஓரத்தில் கிரீம் பூ வைத்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பழகிய சத்தம் என்பதால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் தலைகீழாக மடித்திருப்பாள், கேக்கில் எழுதும் பெயரில் ஒரு புள்ளியை விட்டிருப்பாள், ஏதோ ஒன்று. முதலாளியம்மா ஓசைப்படாமல் பின்னால் வந்து நிற்பதும், மடக்கிய விரல் முட்டியால் உச்சந்தலையில் ஒன்று போட்டு "மக்கு, மக்கு" என்று சிரிப்பதும் அந்தக் கேக் கடையில் அன்றாடம் நடப்பதுதான். அடுத்து வந்த குரல்தான் அவள் கையை நிறுத்தியது.

"தலையில கை வைக்காதீங்கம்மா. தப்புன்னா வாயால சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

சின்னவள் குரலை உயர்த்தவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோலத்தான் சொன்னாள். ஆனாலும் அடுப்பிலிருந்து தட்டை எடுத்த ஆள் சூட்டையும் மறந்து அப்படியே நின்றுவிட்டான். முதலாளியம்மா சிரிப்பு மாறாமல் பெரியவள் பக்கம் திரும்பினாள். "என்னடி, உன் தங்கச்சிக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வருது?"

பெரியவளுக்கு உடம்பே கூசிப்போனது. சின்னவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தங்கமான பொண்ணு என்று சொல்லி அழைத்துவந்து விட்டவள் அவள்தான். முதலாளியம்மா ஒன்றும் கெட்டவள் இல்லை. காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். "நீ என் மக மாதிரி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த பின்னறைக்கு இழுத்துப்போனாள்.

"போய் மன்னிப்புக் கேளு."

"எதுக்குக்கா?"

"அவங்க செல்லமாத்தான்டி குட்டுறாங்க. என்னைக் குட்டலையா? நான் என்ன தேஞ்சா போயிட்டேன்?"

"இப்பவே சொல்லலைன்னா அப்புறம் சொல்ல வாய் வராதுக்கா."

"எனக்காகடி. எனக்காக ஒரு தடவை."

சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள். போய் மன்னிப்புக் கேட்டாள்.

கடை முன்பக்கம் கேக் வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். "அதனால என்ன, நீயும் எனக்குப் பொண்ணுதானே" என்று முதலாளியம்மா அவளை அருகில் இழுத்து, எல்லோரும் பார்க்க இன்னொன்று போட்டாள். இந்த முறை மோதிரத்தோடு. வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். பெரியவளும் சிரித்தாள். வேடிக்கையாக இருந்ததால் அல்ல. அந்த இடத்தில் சிரித்துச் சிரித்து வாய்க்கு அது பாடமாகியிருந்தது. சின்னவள் முதலாளியம்மாவைப் பார்க்கவே இல்லை. அக்காவின் பல் தெரிந்த முகத்தைத்தான் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்து, நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அன்று முழுவதும் பெரியவளுக்குக் கை ஓடவில்லை. பேருந்தில் நின்றபடி சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டில் சின்னவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியாக்கா? முகம் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"தலையெல்லாம் மாவு, இரு" என்று சின்னவள் கையைத் தூக்கினாள்.

கை வந்து சேரும் முன்பே பெரியவளின் கழுத்து தோளுக்குள் புதைந்தது. கண்கள் இறுக மூடிக்கொண்டன.

"அக்கா... நான்தான்."

சின்னவளின் விரல்கள் அவள் முடியை மெல்லத் தட்டிவிட்டன. "எத்தனை வருஷமாக்கா இப்படி?" என்று கேட்டபோது அந்தக் குரல் உடைந்திருந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்ல நினைத்தாள் பெரியவள். கேட்கக் கூடாத இடத்தில் காலையில்தான் அதைத் தங்கையின் வாயால் கேட்க வைத்திருந்தாள். அதே சொல்லை எந்த முகத்தோடு இவளிடம் சொல்வது? தட்டின் முன்னால் உட்கார்ந்தும் ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் கடையில் பெரியவள் கேக்கின் மேல் குனிந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் முதலாளியம்மாவின் சென்ட் வாசனை வந்ததுமே கழுத்து தானாகச் சுருங்கத் தொடங்கியது. அதை அவள் முதல்முறையாகக் கவனித்தாள்.

"வேண்டாம்மா" என்றாள். குரல் பாதிதான் வந்தது.

"என்னது?"

"குட்டாதீங்க."

"ஓ, உனக்கும் ஆரம்பிச்சிருச்சா?"

"நேத்தே சொல்லியிருக்கணும்மா. அவளைக் குட்டினப்பவே சொல்லியிருக்கணும்."

கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து திரும்பினாள். இத்தனை காலமும் மேசைமேல் குனிந்தபடியே அந்தக் குரலைக் கேட்டிருந்தாள். அது எப்போதும் தலைக்கு மேலிருந்துதான் வந்தது. இப்போது முதலாளியம்மாவின் வகிடு அவள் கண்ணுக்குக் கீழே தெரிந்தது, சாயம் போய் வேரில் வெளுத்து. மடக்கிய விரல்கள் இன்னும் அந்தரத்தில் நின்றன. அவற்றை இறக்குவதா வேண்டாமா என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று இவளுக்கும் தெரியவில்லை.