எஞ்சின் ஏறினால் வெண்டெல் ஏற முடியாது

பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊரில் வெண்டெல் ப்ரூட்டும் நானும் பதினெட்டு வருட நண்பர்கள். அவனிடம் 1929-ம் வருடத்து, கூரையில்லாத ரோட்ஸ்டர் கார் ஒன்று இருந்தது. மார்ச் மாதம் அதன் எஞ்சின் உயிரை விட்டது. வேறு என்ன வைக்கலாம் என்று என்னிடம் கேட்டான். கேட்பதற்கு உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அவன் மனைவி டோரீன் இன்றைக்கும் புலம்புகிறாள்.

"இதுல என்னடா யோசனை? என் வண்டில இருக்கற மாதிரி பெரிய எட்டு சிலிண்டர் வி-எட்டு எஞ்சின் போடு," என்றேன்.

"இடம் பத்துமா மெர்ல்?"

"பத்தலேன்னா உண்டாக்குவோம்."

வாங்குவதற்கு முன் அளந்து பார்த்தே ஆகவேண்டும் என்று டோரீன் பிடிவாதம் பிடித்தாள். என் எஞ்சினை அளந்து, ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் ஒன்று செய்தோம். அது வண்டிக்குள் இறங்க மறுத்தது. எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புத் தகட்டை எட்டு அங்குலம் ஓட்டுபவர் பக்கம் தள்ளினால்தான் முடியும். தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு பலகையை நிறுத்தினோம்.

"இப்ப ஏறு," என்றாள் டோரீன்.

வெண்டெல் ஏறினான். முழங்கால் தாடையை இடித்தது. ஸ்டியரிங் தொப்பையில் புதைந்து, ஹார்ன் அலற ஆரம்பித்து நிற்கவே இல்லை. தெருவிலுள்ள நாய்களெல்லாம் கூடச் சேர்ந்து ஊளையிட்டன. நானும் டோரீனும் ஆளுக்கொரு அக்குளைப் பிடித்து இழுத்ததில் அவன் வந்தான். இடது கால் பூட்ஸ் வரவில்லை.

"எஞ்சின் ஏறிடுச்சு. நீதான் மிச்சம்," என்றேன்.

ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு. இளைத்துக் காட்டுகிறேன் என்று மூன்று வாரம் செலரி என்ற கீரைத் தண்டை மட்டும் மென்றான். பெல்ட்டில் ஒரே ஒரு ஓட்டைதான் குறைந்தது.

"போதும்யா. ராத்திரியில தூக்கத்துல தலகாணியக் கடிக்கிற," என்று டோரீன் அவனைப் பழைய வண்டிகள் குவிந்த யார்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு சின்ன ஜப்பான் பிக்கப் வண்டியின் நாலு சிலிண்டர் எஞ்சினைக் குனிந்து கட்டிப்பிடித்துப் பார்த்தாள். இரண்டு கையும் சேர்ந்தன.

"இதான். எடு."

தகட்டைத் தொடாமலே அது உள்ளே போய் உட்கார்ந்தது. பக்கத்தில் ஐஸ்பெட்டி வைக்கக்கூட இடம் மிஞ்சியது.

"இது சீறிப் பாயற ஹாட் ராட் காரா, புல்லு வெட்டுற மிஷினா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

ஜூலையில் இருவரும் அவரவர் வண்டியில் ஃப்ரெஸ்னோவில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்குக் கிளம்பினோம். பாதி வழியில், வெயில் நூற்றாறு டிகிரி இருக்கும்போது, என் வி-எட்டு கொதித்து ஆவியைக் கக்கியது. வெண்டெல் நிறுத்தினான். ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏறு மெர்ல்."

பன்னிரண்டு மைல் அவன் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு, "கேலனுக்கு எத்தன மைல் குடுக்குது?" என்றேன்.

"முப்பது."

என்னுடையது ஒன்பது.

அடுத்த சனிக்கிழமை யார்டில் ஒரு சின்ன எஞ்சின் மேல் குனிந்திருந்தேன். பின்னால் டோரீன் குரல்.

"யாருக்கு மெர்ல் பாக்குற?"

"ஒரு ஃப்ரெண்டுக்கு," என்றேன், அதைக் கட்டிப்பிடித்தபடியே.