சாமியாகிப் போன சக்கரக்கல்

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்காட்டைச் சுற்றிக் காட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. போஸ்ட் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அந்தத் தொழிலில் இறங்கிவிட்டேன். ஏரியில் முதலை உண்டு என்பேன். பூங்காவில் வேகமாகச் சறுக்கினால் நேராகச் சேலத்தில் போய் விழலாம் என்பேன். பிள்ளைகள் வீறிடும். அந்தச் சத்தத்தில்தான் எனக்குச் சாப்பாடே செரித்தது. ஆனால் எண்பத்தெட்டாம் வருஷத்து மே மாதத்தில் நடந்ததை ஊதிப் பெரிதாக்கத் தேவையே இல்லை. கொஞ்சம்தான் ஊதியிருக்கிறேன்.

நாமக்கல்லிலிருந்து என் தம்பி மகள் கலாவதி வந்திருந்தாள். கூட அவள் புருஷன் அண்ணாதுரை, ஐந்து வயது பூங்கொடி, இரண்டு வயது சின்னையன். கிழவன் பேர் வைத்துக்கொண்டு விரல் சப்பும் பயல் அவன். இவர்களோடு ஒரு புதுக் காரும் வந்திருந்தது. மாப்பிள்ளை அதன்மேல் வைத்திருந்த பாசத்தில் பாதி கலாவதிக்குக் கிடைத்திருந்தால் அவள் இன்னும் நான்கு கிலோ ஏறியிருப்பாள்.

காலையில் ஏரியில் படகு. படகு நகர்ந்ததும் பூங்கொடி கத்தினாள். "தாத்தா, கரை போவுது!"

"கரை மட்டுமா கண்ணு? இந்த மலையே ராத்திரியானா ஒரு முழம் நகரும்" என்றேன்.

பூங்காவில் சறுக்கும்போது, மரமெல்லாம் மேலே போகிறது என்றாள். அன்று முழுக்க அவளுக்கு ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருந்தது. நாங்களும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு சேர்வராயன் கோயில். பிள்ளைகள் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டு வந்ததும், வெளியே புது வண்டிக்குப் பூசை. வண்டி உருளாமல் இருக்க மாப்பிள்ளை முன்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்திருந்தார். பூசாரி விளக்குக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, அதே கையோடு கல்லுக்கும் ஒன்று வைத்துவிட்டார்.

"ஏனுங்க, கல்லுக்குமா?" என்று கலாவதி சிரித்தாள்.

"அதுந்தானுங்க வண்டியத் தாங்குது!" என்றார் பூசாரி.

நல்ல அம்சமான கல் என்று மாப்பிள்ளை அதைத் தூக்கி டிக்கியில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கரடியூர்ப் பக்கம் ஒரு மேட்டுக்குப் போனோம். அங்கே மரியதாஸ் என்பவர் தொலைநோக்கி வைத்துப் பிள்ளைகளுக்கு மேட்டூர் அணை காட்டுவார். வண்டி நிறுத்தும் இடம் சரிவு. சரிவின் கடைசியில் ஒரு சில்வர் ஓக் மரம். மரத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை, வெறும் ஆகாயம்தான். மரத்தடியில் பாவாயி பேரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள்.

சின்னையன் பின்சீட்டில் தூங்கிப்போயிருந்தான். "எழுப்புனா ஊரையே கூட்டுவான் பெரியப்பா. தூங்கட்டும்" என்றாள் கலாவதி.

"ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து விடுங்க மாப்பிள்ளை."

"நொம்ப இழுத்தா தேஞ்சு போயிருமுங்க மாமா. பாதி போதும். அதான் கல்லு இருக்குதே."

பொட்டு வைத்த கல்லைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு மேலே ஏறினோம். நாங்கள் முதுகைக் காட்டியதும் பாவாயி அதைப் பார்த்திருக்கிறாள். சந்தனம், குங்குமம், மேலே டயர். "அட கெரகமே, சாமியக் கொண்டு போயி சக்கரத்துக்கு வெச்சிருக்காங்களே!" என்று கல்லை எடுத்து, முந்தானையால் துடைத்து, மரத்தடியில் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேரிக்காய் ஒன்றும் படைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கியது. எங்கள் ஊர்ப் பனியைக் கத்தியால் வெட்டி இலையில் பரிமாறலாம். முதலில் மேட்டூர் காணாமல் போனது, பிறகு ஓக் மரம். பூங்கொடி மட்டும் சரிவைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, காரு போவுது."

எல்லோரும் சிரித்தோம். "எங்க கண்ணு போவுது? நாமக்கல்லுக்கா?" என்றார் அவள் அப்பா.

"தம்பியக் கூட்டிட்டுப் போவுது."

அப்போதுதான் கேட்டது. சரளைக்கல் நெறுநெறுவென்று, யாரோ வாய் நிறைய அரிசி மெல்வதுபோல. அவசரமில்லாத சத்தம்.

கலாவதி ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒன்று மரியதாஸ் தலைக்குமேல் பறந்தது. பனிக்குள் வண்டியின் பின்பக்கம் தெரியும், மறையும், மறுபடி தெரியும்போது இன்னும் தள்ளியிருக்கும். மாப்பிள்ளை பம்பரைப் பிடித்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு போனது. கீழே பாவாயியின் அலறல். ஒரு இடி. பிறகு சத்தமே இல்லை.

போய்ப் பார்த்தால், ஒரு முன்சக்கரம் ஆகாயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மற்றது மரத்தடியில், அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றிருந்தது. பேரிக்காய் கூழாகியிருந்தது.

"யாரும் தொடாதீங்க, அசையுது!" என்றார் மரியதாஸ். அவரும் நானும் மாப்பிள்ளையும் பின்பம்பரில் தொங்கினோம். கலாவதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பிள்ளையைச் சட்டையோடு பற்றி அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்தாள். வண்டி முனகியது. பயல் தூக்கத்தில் கண்ணே திறக்கவில்லை.

"பாத்தீங்களா, நான் சாமிய இங்க வெக்காட்டி என்னாயிருக்கும்?" என்றாள், ஓரமாக ஒதுங்கித் தப்பியிருந்த பாவாயி. எடுக்காமல் விட்டிருந்தால் என்னாயிருக்கும் என்று நான் கேட்பதற்குள் மாப்பிள்ளையே கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வருஷம் எட்டாகிவிட்டது. மரத்தடியில் இன்று மேடையும் மணியும் உண்டு. நான் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு அதுதான் கடைசி வேடிக்கை. வண்டிக்காரர்கள் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு, சக்கரத்துக்கு எதுவும் கொடுக்காமலே மேலே போகிறார்கள். கேட்டால், "சாமி பாத்துக்குமுங்க" என்கிறார்கள்.

போன ஞாயிறு பனி இறங்கியபோது நான் சரிவில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு வேன். கண்ணாடியில் கன்னம் அழுந்த உள்ளே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சரளை மெல்ல நெறுநெறுத்தது.

கத்திக்கொண்டே கல் தேடிக் குனிந்தேன். அந்தச் சரிவு முழுக்கக் கைக்கு அடங்கும் கல் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து மரத்தடியில் அடுக்கியிருந்தார்கள்.