மண்மேட்டின் கீழ்ச்சரிவு

விடியுமுன்னே மேடு நிறைய ஆட்கள். சுரங்கம் தோண்டியபோது வெளியே கொட்டிய மண் மலையாகக் குவிந்து கிடந்தது. அதன்மேல் செடி வைத்துப் பச்சை பிடிக்கவைப்பது அவர்கள் வேலை. தண்ணீர் லாரி உச்சிவரை வந்துவிடும். அங்கே சமதரைக்குக் குழாய் எட்டும், சரிவுக்கு எட்டாது. குடத்தை இடுப்பில் வைத்து, குதிகாலை மண்ணில் குத்திக் குத்தி இறங்க வேண்டும். சேற்றிலாவது கால் நிற்கும், இந்தச் சாம்பல் மண்ணில் நிற்காது. ஊற்றிவிட்டு ஏறிவந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த குடம் நிறைந்திருக்கும்.

நெட்டைக்கு அன்று எடுத்த முதல் குடத்திலேயே முட்டி விண்விண்ணென்று தெறித்தது. ஆள் குள்ளம், அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவள் வீட்டுக்காரருக்கே மறந்திருக்கும்.

சரிவில் வைத்த கன்றுகள் முக்காலும் கருகிப்போயிருந்தன. செடிகள் பிழைத்தனவா என்று மதிப்பிட அன்று அதிகாரி வருகிறார். கருகிய குழிகளில் சாலையோர மரங்களில் வெட்டிய பச்சைக் கொம்புகளைச் செருகச் சொல்லியிருந்தார் கான்ட்ராக்டர். செருகினார்கள். வயிற்றுப்பாடு, வேறென்ன செய்வது? செருகிவிட்டு நெட்டை பழக்கதோஷத்தில் கொம்புக்குத் தண்ணீரும் ஊற்றினாள்.

பக்கத்துக் குழியிலிருந்த வாயாடி சிரித்தாள். "ஏன்க்கா, செத்தவன் வாயில மருந்தா ஊத்துற?"

"கை பழகிடுச்சுடி."

நெட்டைக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுபோனது. ஊற்றிய தண்ணீரில் மண் கரைந்து கொம்பு தானாகச் சாய்ந்தது. தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு கீழே இருந்த வரிசை வீடுகளைப் பார்த்து ஓடியது. அங்கே ஒரு கூரை அவளுடையது. போன மழையில் இந்தச் சரிவு பெயர்ந்துதான் அவள் வீட்டுப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. அன்று இடுப்பு நசுங்கிய அவள் வீட்டுக்காரர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அடுத்த மழையில் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட அவளால் ஆகாது.

"பச்சை பிடிச்சிருச்சுன்னு அந்த ஆளு சொல்லிட்டா சுரங்கக் கம்பெனி கிளம்பிடும்," என்றாள். "லாரி வராது. அடியில கட்டுறேன்னு சொன்ன சுவரும் வராது. மழை வந்தா இந்தக் கொம்பா மண்ணைப் பிடிக்கும்?"

வாயாடியின் வீடு அதற்கு அடுத்தது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தன் கூரையைத் திரும்பிப் பார்த்தாள்.

நெட்டை கான்ட்ராக்டரிடமே போனாள்.

"சார், சரிவுல மறுபடியும் கன்னு வைக்கணும். கொம்பு நிக்காது."

"நிக்க வேணாம். அவர் போற வரைக்கும் வாடாம இருந்தா போதும்."

"கீழ நாங்க இருக்கோம் சார்."

"அங்க நானா குடிவெச்சேன்? வேற இடம் பாரு."

"எங்க சார்?"

வெயில் ஏறுது, வேலையைப் பாரு என்றார் அவர்.

குடங்கள் கைமாறியபோது, சரிவின் நிலையை அதிகாரிக்குத் தெரியவைக்க வேண்டும் என்ற பேச்சும் கைமாறியது. தயங்கியவர்களும் இருந்தார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கான்ட்ராக்டரை எப்படி முறைத்துக்கொள்வது என்று ஒருத்தி அழுதேவிட்டாள். அவளை யாரும் குறை சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். அவரும் களைத்த மனிதர்தான், உச்சியை விட்டு நகர மாட்டார். மதிப்பிடுகிற முறை எளிது: கம்பியால் செய்த சதுரத்தை யாராவது குருட்டாம்போக்கில் வீசுவார்கள். அது விழுந்த இடத்தில், அதற்குள் பிழைத்திருக்கிற செடிகளை எண்ணி, அதையே மேடு முழுவதற்கும் கணக்காக எழுதிக்கொள்வார். வீசுவது எப்போதும் நெட்டைதான். அவள் வீசினால் தூரம் போகாது, செழித்த சமதரையிலேயே விழும் என்பது கான்ட்ராக்டரின் கணக்கு.

"வீசும்மா," என்றார் அதிகாரி.

நெட்டை சரிவின் பக்கம் திரும்பி நின்று இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி வீசினாள். சதுரம் கீழே விழுந்து, உருண்டு, கொம்புகளுக்கு நடுவே கிடந்தது.

"கை தவறிடுச்சு சார்," என்றார் கான்ட்ராக்டர் அவசரமாக.

"தவறல சார். அங்கதான் பாக்கணும். கீழ என் வீட்டுக்காரர் எந்திரிக்க முடியாம கிடக்காரு."

கான்ட்ராக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு லாரிக்காரரைப் பார்த்தார். "நீ போய் எடுத்துட்டு வந்து மேல வீசு."

லாரிக்காரர் நல்ல பிள்ளையாக இறங்கிப் போனார். சதுரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வாயாடி இறங்கினாள். அழுதவளும் இறங்கினாள். ஆளுக்கொரு கொம்பைப் பிடுங்கிக் குழியோரம் படுக்கப்போட்டார்கள். பிடுங்கப் பலமே தேவைப்படவில்லை.

அதிகாரி உச்சியின் விளிம்புக்கு வந்து, படுத்துக் கிடந்த கொம்புகளை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு நான் எதுவும் முடிவு சொல்லல," என்றார். "நாளைக்கு வரேன். சதுரம் கிடக்கிற இடத்துலயே கிடக்கட்டும்."

"நாளைக்கு உங்கள்ல ஒருத்தனுக்கும் வேலை கிடையாது," என்று கத்தினார் கான்ட்ராக்டர்.

"சரி சார்," என்றாள் வாயாடி. "ஆனா இங்கதான் இருப்போம்."

நாளைக்கு அந்த அதிகாரி வருவாரா, வந்தாலும் சரிவில் இறங்குவாரா, யாருக்குத் தெரியும்? இவர்கள் கலைந்து போனால் சதுரத்தை எவனாவது தூக்கிவிடுவான். யாரும் போகவில்லை. நெட்டை வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

"உன் வீட்டுக்காரருக்கு என் மக சோறு கொண்டுபோயிட்டா," என்றாள் வாயாடி. "இங்க வாக்கா. தனியா உக்காந்தா சறுக்கிட்டே போவ, ஒட்டி உக்காரு."

நெட்டை அவள் தோளில் தோள் படும்படி உட்கார்ந்தாள். லாரிக்காரர் கொஞ்சம் நகர்ந்து, அடுத்து வருகிறவருக்கு இடம் விட்டார்.