கிரீஸ் பேரில் ஓர் அன்னதானம்

முருகனிடம் வேலை கேட்பார்கள், குழந்தை கேட்பார்கள், விசா கேட்பார்கள். ஒரு நாடு திவாலாக வேண்டும் என்று கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

2012 மார்ச். லண்டனில் நான் வேலை பார்த்த முதலீட்டு நிறுவனம், என் பேச்சைக் கேட்டு கிரீஸின் கடன் பத்திரங்கள் மேல் காப்பீடு வாங்கியிருந்தது. எங்களிடம் அந்தப் பத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டுக்குத் தீக் காப்பீடு எடுத்துவிட்டு, எப்போது எரியும் என்று ஜன்னலில் நிற்பது மாதிரிதான். கடனில் பாதிக்கு மேல் வெட்டப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஐரோப்பிய மத்திய வங்கி தன் பங்கை மட்டும் முன்கூட்டியே தனியாக ஒதுக்கித் தப்பித்துக்கொண்டது. ஆனால் இந்தக் கடன் வெட்டைத் திவால் என்று சொல்லலாமா என்று ஒரு குழு முடிவு செய்ய வேண்டும். அப்போதுதான் எங்களுக்குப் பணம்.

ஒன்றாம் தேதி அந்தக் குழு, 'இன்னும் இல்லை' என்றது. என் வேலையே அதில்தான் இருந்தது. அன்று மாலையே ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போய், திவால் என்று சொல்லிவிட்டால் அன்னதானம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்பதாம் தேதி சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அன்னதானம். மனைவி ஹம்சாவிடம் 'ஆபீஸ் வேண்டுதல்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். நான் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது கோவில் தொண்டர் பத்மநாதன் அண்ணை பேனாவும் பலகையுமாக வந்தார்.

"தம்பி, உங்கட பேர் எழுதியாச்சு. என்ன விசேஷமெண்டும் சொல்லுங்கோ, போடுவம்."

நான் விழித்தேன். அந்த நேரம் பார்த்து, கோவிலுக்கு வழக்கமாக வரும் ஜெகதீஸ்வரி அக்கா ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை அழைத்து வந்தார்.

"இவ என்னோட வயசுபோன ஆக்களைப் பாக்கிற கெயார் ஹோமில வேலை செய்யிறா, தம்பி. கிரீஸில பள்ளிக்கூட ரீச்சரா இருந்தவ. சம்பளத்தையும் வெட்டி, தாயின்ர பென்ஷனையும் வெட்டிப் போட்டாங்கள். பாவம், நல்லாப் போடுங்கோ."

போட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இன்று என்ன கொண்டாட்டம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எங்கள் கல்யாண நாள்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எங்கள் கல்யாண நாள் ஆவணியில். பக்கத்தில் நின்ற ஹம்சா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்மநாதன் அண்ணை பலகையில் அதையே எழுதினார்.

அந்தப் பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தன் மணிக்கட்டிலிருந்து ஒரு கயிற்றை அவிழ்த்தாள். அதில் கண் வரைந்த நீலக் கண்ணாடி மணி ஒன்று கோத்திருந்தது. திருஷ்டி படாமலிருக்க அம்மா கட்டிவிட்டது என்றாள். சந்தோஷமாக இருக்கிறவர்கள் மேல்தான் ஊர் கண் வைக்கும் என்று சொல்லி, ஹம்சாவின் கையில் கட்டினாள். அவள் நாட்டின் மேல் கண் வைத்தவன் நான். அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

திரும்பும்போது ரயிலில் ஹம்சா கேட்டாள். "உண்மையில என்ன வேண்டிக்கிட்டீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். யூஸ்டன் வந்ததும் அவள் கயிற்றை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த வாரம் நீங்களே அவங்ககிட்ட திருப்பிக் குடுங்க. எதுக்குன்னு சொல்லிக் குடுங்க."

"அவங்க முகத்தைப் பாத்து எப்படிச் சொல்வேன், ஹம்சா?"

"முருகன் முகத்தைப் பாத்து கேக்க முடிஞ்சுதே?" என்றாள்.