கிண்ணங்களின் வரிசை

மனைவி தன் தமையன் வீட்டுக்குச் சென்று மூன்று பகலும் இரண்டு இரவும் கழிந்திருந்தன. கதிரவன் மேல்திசை மாடங்களுக்குப் பின்னே சாய, கூரைகளின் நிழல் தெருவை மெல்ல நிறைக்க, ஓவியர் வீட்டு மாடியறையில் மட்டும் ஒளி, எழுந்து போக மனமில்லாத விருந்தினர்போல் இன்னும் தங்கியிருந்தது. சுண்ணப்பசையால் மேடெழுப்பிப் பொற்றாள் பதித்த அணிகள் மின்ன, வண்ணக்கல் இழைத்த மணிமுடி சுடர, ஓவியப் பலகையிலே அம்மை வீற்றிருந்தாள். அவள் கையில் ஒரு கிளி. அக்கிளி செக்கச்செவேலென்று இருந்தது.

படிப்பவர் நகைக்க வேண்டா. ஓவியருக்கு அது தெரியாது. பிறந்த நாள் முதல் அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல் நிறந்தான். கோட்டிலும் பொன் பதிப்பதிலும் நிகரற்றவர்; ஆயினும் இதை வாய்விட்டுச் சொன்னால் தொழிலும் போய், மனைவி தம்மேல் வைத்த பெருமிதமும் போய்விடுமென்று அஞ்சி, ஒன்பதாண்டு மணவாழ்வில் அவளிடமும் மறைத்தே வந்தார். வண்ணம் குழைப்பவள் அவள். இடக்கோடியில் சிவப்பு, நடுவே பிற வண்ணங்கள், வலக்கோடியில் பச்சை என்று என்றும் மாறாமல் அடுக்குவாள். அவளது ஒழுங்கு தமக்கு வாய்த்த நற்பேறென்று எண்ணி, அவர் நிறத்தைப் பாராமல் இடத்தைப் பார்த்தே தீட்டினார்.

அவள் குழைத்து மூடிவைத்துப் போன கிண்ணங்களை, அன்று காலை தரை துடைத்த அவர் தாயார் எடுத்து, இடம் மாற்றி வைத்துவிட்டார். மாலையில் மாடியேறி வந்தவரும் அவரே.

"ஏண்டா, கிளிக்குக் காய்ச்சலா? இப்படிச் செவந்து கெடக்கு!"

"புதுசா இருக்கட்டும்னுதாம்மா."

"நல்ல புதுசு! நாளைக்குப் படத்தை எடுத்துட்டுப் போக வர்றவங்க இதைக் கிளின்னு நம்பணுமே!"

தாயார் இறங்கிப் போனார். எது பச்சையென்று அறியாமலும், கேட்க நாவெழாமலும், ஓவியர் தூரிகையை ஏந்தியபடி கிண்ணங்களின் முன் அமர்ந்திருந்தார்.

அவ்வேளையில் மனைவி வந்தாள். கிளியைப் பார்த்தாள், கிண்ணங்களைப் பார்த்தாள். ஒன்றும் வினவாமல் அமர்ந்து, ஈரத்துணியால், உறங்கும் மழலையின் வாய் துடைப்பவள்போல் கிளியின் சிவப்பை ஒற்றியெடுத்து, கிண்ணங்களைப் பழைய இடங்களுக்கே நகர்த்தினாள். பிழை மறைந்தது, இனி வாய் திறக்கத் தேவையில்லை. ஆயினும், கேள்வி கேளாத அக்கைகளைக் கண்டபின் ஓவியரால் மறைக்க இயலவில்லை.

"எனக்குச் செவப்பும் பச்சையும் வேற வேறயா தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல."

அவள் கடைசிக் கிண்ணத்தை வலக்கோடியில் வைத்தாள்.

"தெரியுங்க. கல்யாணமான புதுசுல என் பச்சைப் புடவையப் பாத்து, 'இந்தச் செவப்பு உனக்கு எடுப்பா இருக்கு'ன்னீங்களே, அன்னைக்கே தெரியும். இல்லன்னா, அலமாரியத் தொறந்தா துணியெல்லாம் தலைமேல விழுதே, நான் என்ன அவ்வளவு ஒழுங்கானவளா? உங்களுக்காகத்தான் இந்த வரிசை."