இரவல் தம்பி

கடலூரில் அந்த ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் மூன்று டாக்டர்கள் ஒரே மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். கத்தி வைக்கிற டாக்டர் ஒருவர், சதைத் துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிற டாக்டரம்மா ஒருவர், கட்டியைக் கதிரால் சுடுகிற கரண்டு வைத்தியத்துக்காக மதராஸிலிருந்து ரயிலில் வருகிறவர் ஒருவர். கட்டி என்று வருகிறவர்களுக்கு என்ன செய்வது என்று மூவரும் பேசித்தான் முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவை நோயாளியிடம் மட்டும் சொல்லமாட்டார்கள். கூட வந்த ஆண்பிள்ளையை உள்ளே கூப்பிட்டுச் சொல்வார்கள். அறுபத்து நாலாம் வருஷத்தில் அதற்குக் கருணை என்று பெயர்.

ஜெய்னபுக்குக் கூட வர ஆண்பிள்ளை இல்லை. புருஷன் பினாங்குக்குக் கப்பலேறிப் பதினோரு வருஷம். கடுதாசி நின்று ஆறு. சிதம்பரத்தில் தெருப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டு தனியாக இருந்தாள். மார்பில் கட்டி தட்டுப்பட்டதை நாலு மாதம் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? பிறகு அவளாகவே கடலூருக்குப் போய்ச் சோதனைக்குச் சதை எடுக்கக் கொடுத்தாள். போன புதன்கிழமை முடிவு கேட்க வந்தவளை, "வீட்டு ஆம்பளைய அழைச்சிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன நோய் என்று தெரியாமல் அந்த ஏழு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஒரு தம்பியைத் தயார் செய்தாள். எதிர்வீட்டுக் குதிரைவண்டிக்காரன் உத்திராபதி. ஆருத்ரா தரிசனம் தவறாதவன், நெற்றி நிறையத் திருநீறு. ரயிலிலேயே அதைத் துடைக்கச் சொல்லி, புருஷனுடைய தொப்பியைத் தலையில் வைத்து, பெயர் அப்துல் ஹக் என்று சொல்லிக்கொடுத்தாள். இறங்கவேண்டிய திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வருவதற்குள் அவன் மூன்று தரம் மறந்தான்.

"அவுங்க என்ன சொன்னாலும் ஒரு எழுத்து விடாம எங்கிட்ட சொல்லிடணும் தம்பி. சத்தியமா?"

"நடராசர் மேல சத்தியம்க்கா" என்றான் அப்துல் ஹக்.

உள்ளே போனவன் கால்மணி நேரம் கழித்து வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. சாதாக் கட்டியாம். எடுத்துட்டா சரியாப் போயிடுமாம். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல." அவள் கண்ணைப் பார்க்காமல், பீடி குடிக்கப் போவதாக வெளியே நழுவினான்.

ஜெய்னபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவல் வாங்கிய தம்பியும் கால்மணி நேரத்தில் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டான். வண்டிக்காரனுக்குத் தெரியலாம், உடம்புக்காரிக்குத் தெரியக்கூடாதா? எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள்.

"அவன் என் தம்பி இல்லீங்க. எதிர்வீட்டு ஆளு. எனக்கு யாருமில்ல. எங்கிட்டயே சொல்லுங்க."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறுக்கத் தெரிந்தவருக்கும் கரண்டு வைக்கத் தெரிந்தவருக்கும் வாய் திறக்கத் தெரியவில்லை. கடைசியில் டாக்டரம்மாதான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"புத்துநோய்ம்மா. ஒரு பக்கத்து மார எடுக்கணும். அப்புறம் மதராஸ்ல அஞ்சு வாரம் கரண்டு வைக்கணும். அக்குள்ல லேசாப் பரவியிருக்கு. இப்பவே செஞ்சா பொழைக்க வழியிருக்கு."

ஜெய்னப் தலையாட்டிக் கேட்டாள். பயந்ததுதான். ஆனாலும் நோயின் பெயர் தெரிந்ததில் நெஞ்சுக்குள் ஏதோ அடங்கியது. ஆபரேஷன் என்றைக்கு, எத்தனை நாள் படுக்கை என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். தொழுகையில் தக்பீர் கட்டக் கையைத் தூக்க முடியுமா என்றும் கேட்டாள். சர்ஜன் தன் கையைத் தோள்வரை தூக்கிக் காட்டி, "கொஞ்ச நாள்ல இவ்வளவு வரும்" என்றார். பொய்க் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் நிதானமாகப் போட்டாள்.

மதராஸ் டாக்டர் தன் பேனாவைத் திறந்தார்.

"அங்க பொம்பள வார்டு. பகலும் ராத்திரியும் ஒரு பொம்பள ஆள் கூட இருக்கணும்மா. பேரு எழுதிக்கணும். யார் இருப்பாங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் யாரையும் தயார் செய்திருக்கவில்லை. ஒரு புதன்கிழமைக்கு ஆள் கிடைத்தான். ஐந்து வாரத்துக்கு யார் வருவார்கள்? தெருவில் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் புருஷனும் பிள்ளையும் அடுப்பும் இருந்தன. புற்று என்றபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.