இருட்டில் ஒரு விள்ளல்

ஜினமதி இறந்து ஏழு மாதம் ஆகிறது. படத்தில் இன்னும் பதினொரு சித்திரங்கள் பாக்கி.

படத்தின் பெயர் ‘ஆறேகால் பஸ்’. பதினான்கு நிமிட அனிமேஷன். திண்டிவனத்தில் படிக்கும் ஒரு பெண்ணும் ஒரு பையனும் தினமும் ஒரே பஸ்ஸுக்கு நிற்பார்கள். இரண்டு பேருக்கும் படம் வரைய வேண்டும். இரண்டு வீட்டிலும் பி.எட். படிக்கச் சொல்வார்கள். எங்கள் கதைதான். ஜினமதி என் மனைவி.

வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் அவள் வரைவாள். நடுவில் இருப்பவற்றை நான் வரைவேன். கடைசிக் காட்சியில் பஸ் வரவில்லை. மழை விட்ட இரவு. பஸ் நிலையத்துக் கடையில் அந்தப் பெண் ஒரு விள்ளல் இட்லியை எடுத்து வாயில் வைக்கிறாள். விரல்கள் தட்டில் இருப்பதும், வாய் மூடியிருப்பதும் ஜினமதி வரைந்து வைத்தவை. நடுவில் பதினைந்து. நான் நான்கு வரைந்து நிறுத்திவிட்டேன். ஐந்தாவதில் கை உதட்டைத் தொட வேண்டும். பலமுறை அழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் புதுச்சேரி குறும்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும். ஒலி வேலை செய்த நண்பன் கோபி தினமும் ஃபோன் செய்தான்.

“ஏஐல போட்டா அஞ்சு நிமிஷம்டா. நடுவுல இருக்கறத அதுவே ரொப்பிடும்.”

“வேணாம்.”

“அப்ப நீயாச்சும் போடு. உன்னோட ஒரே பேஜாரா கீது.”

என்னைக் கிளப்புவதற்காகவோ என்னவோ, அவன் அந்தக் காட்சியில் முடிந்தவரைக்கும் வெட்டி இணையத்தில் போட்டான். பன்னிரண்டு நொடி. இருட்டு வானம், தட்டு, எழும்பும் கை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மாம்பழப்பட்டு சாலையில் நான் இருக்கும் மாடி அறைக்கு ஒருவர் படியேறி வந்தார். ஜினமதியின் அப்பா, அப்பாண்டைராஜ். செஞ்சி பக்கம் மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை மூட்டை மூட்டையாக வாங்கி விற்பவர். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு வரவில்லை. மயானத்துக்கு வந்து, தூரத்தில் நின்றுவிட்டுப் போனார்.

“அறிவுச்செல்வன் வீடு இதானுங்களா?” என்று என்னிடமே கேட்டார்.

“வாங்க சார்.”

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

“நாலரை பஸ்ஸப் புடிக்கணும். பொழுதோட வீட்டுக்குப் போயிடணும்” என்றார்.

தெரியும். அவர்கள் ஜைனர்கள். சூரியன் இறங்கிய பிறகு எதுவும் சாப்பிடமாட்டார்கள்.

“சின்னவளுக்கு ஒரு எடம் வந்துகினு இருக்குது தம்பி. பெரியவ வீட்ட வுட்டுப் போனதுக்கு அப்புறம் மூணரை வருஷமா ஒருத்தரும் எங்க வாசப்படி மிதிக்கல. இப்பதான் வந்தாங்க. போன வாரம் இத அனுப்பிட்டு, இது உங்க மூத்த பொண்ணுதானேன்னு கேக்குறாங்க.”

ஃபோனை நீட்டினார். கோபி போட்டது.

“இது படம் சார்.”

“மூஞ்சி அவளுது. மோவாயில மச்சம் வரைக்கும் வச்சிருக்கா.”

“எங்க கல்யாணத்தையே பொறுத்துக்கினாங்களே.”

“அவதான் இல்லையே. அதோட வுட்டுட்டாங்க. இருட்டுல உக்காந்து சாப்புடறத ஊருக்கே காட்டுனா எப்படி வுடுவாங்க? நாளைக்கு சின்னவளும் இப்படித்தான்னு நெனைப்பாங்க இல்ல?”

ஃபோனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“வானத்த வெளுக்கறது கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலையாமே. சின்னவ பிரியதர்ஷினிதான் சொன்னா. தட்டு இருக்கட்டும், இட்லி இருக்கட்டும். வெளிச்சம் மட்டும் குடுங்க. சாயங்காலமா ஆக்கிடுங்க. உங்கள வேற ஒண்ணும் கேக்கல நான்.”

ஒரு நிமிடம்கூட ஆகாது. வானம் தனி அடுக்கில் இருந்தது. அந்த இருட்டை அவள் மூன்று வாரம் போட்டாள். கறுப்பைத் தொடாமல் இருட்டு வர வேண்டும் என்றாள்.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். மறுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லை. வானத்தின் வெளிச்சத்தை ஏற்றினேன். நீலம் போய் மஞ்சள் வந்தது. பஸ் நிலையத்தில் மணி ஐந்தரை ஆயிற்று.

“இதான். இது போதும்” என்றார். “ஓடவுடுங்க, பாக்கலாம்.”

ஓடவிட்டேன். கை எழும்பியது, பாதியில் நின்றது.

“ஏன் நின்னுடுச்சு?”

“அதுக்கு மேல வரையல.”

“ஏன்?”

“அவ சாப்புடல சார்.”

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். அன்று நிஜமாகவே பஸ் வரவில்லை, மழை, மணி எட்டு. மதியமும் அவள் சாப்பிட்டிருக்கவில்லை. நான் நான்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் வந்த பஸ்ஸில் ஏறும்போது என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான்தான் தின்றேன்.

“கல்யாணத்துக்கு அப்புறம்?”

“எங்கம்மா தினமும் அஞ்சு மணிக்கெல்லாம் அவளுக்குச் சோறு வச்சிடும். மூணு வருஷத்துல ஒரு ராத்திரிகூட அவ சாப்புடல.”

“அப்ப ஏன் இப்படி வரைஞ்சா?”

“நானும் கேட்டேன். படத்துல இருக்கறவளுக்கு அப்பா இல்ல, அவ சாப்புடலாம்னா. சொல்லிட்டு சிரிச்சா.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதோடு பேச்சை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“ஆஸ்பத்திரியிலயும் சாப்புடல. ஒம்பது நாளு. பகலெல்லாம் காய்ச்சல், எது குடுத்தாலும் வாந்தி. ஏழு மணிக்கு மேலதான் காய்ச்சல் எறங்கும். கஞ்சி வரும். பொழுது போயிடுச்சுன்னு சொல்லிடுவா.”

“பசிச்சுதா அவளுக்கு?”

“பசிக்குதுன்னு சொன்னா.”

“நீ என்ன பண்ண?”

“தட்ட மூடி வச்சேன்.”

அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

“ஊட்டியிருக்கலாமேடா” என்றார். “வாயத் தொறந்து ஊட்டியிருக்கலாமேடா. நீ எதுக்குடா பாத்துக்கினு இருந்த?”

சாப்பிடாததால் அவள் சாகவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கேட்டேன், அதனால் சொன்னார். அதை அவரிடம் சொல்லவில்லை. ஜைன வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டுவந்து அவள் வழக்கத்தைக் கெடுத்துவிட்டான் என்று யாரும், முக்கியமாக இவர், சொல்லிவிடக் கூடாது என்று மூன்று வருஷமும் கவனமாக இருந்தேன். அந்த ஒன்பது நாளும் அதே கவனத்தோடு இருந்தேன்.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நாலரை பஸ் போயிருக்கும்.

“அந்த வானத்த பழையபடியே வச்சிடுங்க தம்பி.”

“பிரியதர்ஷினிக்கு வந்த எடம்?”

“கேட்டா எதையாச்சும் சொல்லிக்கிறேன். போனா போறாங்க.” செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் கேட்டார். “மீதிய வரைவீங்களா?”

“தெரியல சார்.”

“வரைங்க” என்றார். இறங்கிப் போனார்.

வானத்தை இறக்கினேன். அவள் போட்ட இருட்டு அப்படியே திரும்பி வந்தது. பேனாவை எடுத்தேன். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வழக்கம்போல் கை நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஐந்தாவதை வரைந்தேன். விள்ளல் உதட்டைத் தொட்டது. அழிக்கவில்லை. ஆறாவதில் உதடு பிரிய வேண்டும். பிரித்தேன்.

பதினைந்தும் முடிந்ததும் ஓட்டிப் பார்த்தேன். சாப்பிட்டாள்.